காத்திருப்போர் கட்டத்தில் எழுதிய பூஜ்யம்

என் பழைய அலுவலகத்தின் சர்வர் அறையை மூடப்போகிறார்கள். அதில் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் இனி எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களில் ஓடுமாம். மூடுவதற்கு முன் ஒரு சிறு மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று நிவேதா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

“நாலு பக்கம் போதும் சார். பழைய கதை, காமெடி, அந்த மாதிரி. அந்த ரூம்ல உங்கள மாதிரி வருஷக்கணக்கா குப்பை கொட்டினவங்க வேற யாரு சார்?”

காமெடியாக ஒரு பக்கம் எழுதினேன். ஏசி ஒழுகி, பார்வையிட வந்த ஓர் அதிகாரியின் வழுக்கைத் தலையில் சொட்டிய கதை. படித்துப் பார்த்தபோது, அந்த அறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அது அல்ல என்று தெரிந்தது. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாது என்று தோன்றினால் போட வேண்டாம் நிவேதா. ஆனால் கடைசி வரை படித்துவிடு. உனக்கு ஒரு வேலை சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்தைந்து. ஒன்றரை வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செஞ்சிக்கே வந்துவிட்டேன். திண்டிவனத்தில் டிப்ளமோ படித்து, சென்னையில் பிறர் எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்துத் தட்டும் வேலையில் தொடங்கி, டேப் மாற்றும் வேலை, ஷிப்ட் வேலை என்று பத்துப் பன்னிரண்டு வருடங்களைக் கடந்து, முப்பத்து மூன்றாவது வயதில் டேட்டாபேஸ் சர்வரைக் கவனிக்கிற நாற்காலிக்கு வந்தேன். கல்லூரிகள் பல சேர்ந்து நடத்தும் மாணவர் சேர்க்கைகளுக்கு இணையதளம் நடத்திக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். பிள்ளைகள் விண்ணப்பிப்பதும், எந்தக் கல்லூரி வேண்டும் என்று பட்டியல் போடுவதும், அதை உறுதி செய்வதும் கடைசியில் என் சர்வரில்தான் வந்து பதியும்.

அந்த வேலை என்னவென்று என் மனைவி லட்சுமிக்கு ஒருமுறை ரேஷன் கடையை வைத்து விளக்கினேன். கடைக்குள் இருப்பவர் எவ்வளவு வேகமாக எடை போடுகிறார் என்று பார்க்க வேண்டும். வெளியே வரிசை எவ்வளவு நீளம் என்றும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதாது. எடை போடுபவர் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் வரவில்லை என்றும் இருக்கலாம், மெஷின் சிக்கி ஊரே வெளியில் நிற்கிறது என்றும் இருக்கலாம். உள்ளே இருப்பவர் முகத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

“இதுக்குப் போயா உங்களுக்கு ஏசி ரூம் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க?” என்றாள் லட்சுமி.

என் மேலதிகாரி பிரேமா மேடம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். காட்டன் புடவைமேல் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர், மே மாதத்திலும். காலையில் உள்ளே வந்தால் வணக்கம் சொல்ல மாட்டார், நாம் சொன்னாலும் காதில் விழாது. “நம்பர்?” என்பார். அவ்வளவுதான். புதிதில் ஒருநாள், “எல்லாம் நல்லா இருக்கு மேடம்” என்றேன். “நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு அது என்ன சாம்பாரா?” என்றார். அதன்பிறகு எந்த நாளும் எண்ணைத் தவிர வேறு எதையும் அவரிடம் சொன்னதில்லை. நாம் சொல்லும் எண்ணை அவர் வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்வார். திட்டமாட்டார், பாராட்டமாட்டார். தயிர்சாதத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார்.

அவர் ஏற்படுத்தியதுதான் அந்த நீள நோட்டு. பேனா நூலில் கட்டித் தொங்கும். மணிக்கு ஒரு வரி. நேரம், எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், நிமிடத்துக்கு எத்தனை வேலை முடிகிறது, எத்தனை காத்திருக்கிறது, காத்திருப்பதில் மிக நீண்டது எத்தனை விநாடி. ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு எண்ணையும் அந்த மணியில் சர்வரிடம் புதிதாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. ஒரு வருடம் கழித்துத் தெரிந்தாலும் வந்து கோடு போடலாம், ஆனால் எழுதியவன்தான் போட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கையால் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு விதி உண்டு. மாற்று. படித்துப் பார். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல். அவர் தலையாட்டிய பிறகு, மாற்றத்தை நிலையாக்கும் கடைசிக் கட்டளையைக் கொடு. நாங்கள் அதைக் ‘கமிட்’ என்போம். கமிட் கொடுக்காதவரை மாற்றம் உன் விண்டோவில் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் பழையதுதான். அதுவரை அந்தத் தகவல் உள்ள வரியை நீ பிடித்துக்கொண்டிருப்பாய். வேறு யாரும் தொட முடியாது.

பிற்காலத்தில் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். இயந்திரத்தின் உழைப்பு, நினைவகம், வட்டு என்று வரிசையாக விளக்குகள். பச்சை என்றால் நலம். அதை அமைத்தவன் நான்தான். ‘காத்திருப்பது’ என்ற எண்ணையும் முதலில் போட்டிருந்தேன். அது அவ்வப்போது சிவந்து அணையும். பார்க்க வருகிறவர்கள் பதறுகிறார்கள் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். நோட்டில்தான் இருக்கிறதே என்று மேடமும் விட்டுவிட்டார்.

அந்த அறையில் பேச ஆள் கிடையாது. மின்விசிறிகளின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. ஆறு நாள் அங்கே. சனிக்கிழமை சாயங்காலம் செஞ்சிக்கு பஸ். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பல். லட்சுமியும் மகள் சந்தியாவும் செஞ்சியில் இருந்தார்கள். சந்தியா வளர்ந்ததை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தேன்.

எங்கள் வீடு ஆட்டுச்சந்தைக்குப் பக்கத்துத் தெரு. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் தெரு முழுக்க ஆடுகள் போகும். சந்தியா சின்ன வயதிலிருந்தே அன்றைக்கு மட்டும் யாரும் எழுப்பாமல் எழுந்து சன்னலில் உட்கார்ந்துகொள்வாளாம். வியாபாரிகள் வாயைப் பிளந்து பல் பார்ப்பது, காது சூட்டைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒன்பதாவது படிக்கும்போது என்னிடம், “நைனா, அந்தக் கிடா நடக்கறதப் பாரு. குளம்புல புண்ணு. இவங்களுக்குத் தெரியல, வித்துட்டுப் போறாங்க” என்றாள். நான் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்டதில்லை. மதிப்பெண்ணும் எடுத்தாள்.

இது நடந்தது ஏழு வருடத்துக்கு முன். அந்தப் படிப்புக்குச் சில தனியார் கல்லூரிகள் சேர்ந்து நடத்திய சேர்க்கை எங்களிடம் வந்திருந்தது. ஊழியர் பிள்ளைகள் யாராவது விண்ணப்பித்திருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சேர்க்கை முடியும்வரை வேறு வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. நான் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தத் தில்லுமுல்லும் செய்வதற்காக அல்ல. அவள் பெயர் இருக்கும் சர்வரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வேறொருவன் தூங்கிவிடுவான் என்று பயந்தேன்.

பட்டியலை உறுதி செய்யக் கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. மதியம் ஒன்று நாற்பதுக்கு ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் பக்கத்தில் ‘விடுதி இல்லை’ என்று தப்பாக இருக்கிறது, ‘உண்டு’ என்று மாற்றுங்கள். ஒரே ஒரு சொல் மாற்றம். விண்டோவைத் திறந்தேன். மாற்றினேன். படித்துப் பார்த்தேன். உண்டு என்று வந்தது. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து பார்த்த பிறகுதானே கமிட் கொடுக்க வேண்டும்? அப்படியே வைத்துவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.

இரண்டு இருபதுக்குத் திரும்பி வந்து அந்த விண்டோவைப் பார்த்தேன். உண்டு என்றே இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது என்பது மறந்துவிட்டது. முடிந்த வேலை என்று நினைத்து விண்டோவைச் சுருக்கி ஓரத்தில் போட்டேன்.

பட்டியலை உறுதி செய்யும் பொத்தானை ஒரு பிள்ளை அழுத்தினால், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் வரியையும் சர்வர் ஒரு கணம் பிடித்து, உடனே விட்டுவிடும். இருந்ததே சில கல்லூரிகள்தான். நான் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரி கிட்டத்தட்ட எல்லோருடைய பட்டியலிலும் இருந்தது. ஒரு பிள்ளை வந்து அந்த வரியில் நின்றது. அதன் பின்னால் அடுத்தது. நிற்பவர்களுக்கு உழைப்பு தேவையில்லை, அதனால் இயந்திரம் சும்மா இருந்தது. சுவரில் எல்லா விளக்கும் பச்சை.

மூன்று மணி வரியை எழுதினேன். நிமிடத்துக்கு முடிவது ஆறு. குறைவாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. பிள்ளைகள் காலையிலேயே முடித்திருப்பார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கட்டம், காத்திருப்பது. பூஜ்யம் என்று எழுதினேன். சர்வரிடம் கேட்கவில்லை. பல வருடங்களாக அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். கை தானாக எழுதியது. அது முதல் பூஜ்யம்.

மூன்று இருபதுக்கு என் செல் அடித்தது.

“நைனா, நான்தான். நெட் சென்டர்ல இருக்கறேன். லிஸ்ட்டு எல்லாம் போட்டுட்டேன். கடைசி பட்டன அழுத்துனா சுத்திகினே இருக்குது.”

“எவ்ளோ நேரமா?”

“ரெண்டரைல இருந்து. இங்க எல்லாருக்கும் அப்டித்தான் இருக்குது. கடைக்கார அண்ணன் சொல்றாரு, உங்க நைனாதான அங்க குந்திகினு இருக்காரு, அது மண்டைல ஒரு தட்டு தட்டச் சொல்லுன்னு.”

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நான் சுவரைப் பார்த்தேன். பச்சை.

“சர்வர் நல்லாத்தாம்மா இருக்குது. கண்ணு முன்னால பாத்துகினு இருக்கறேன். அங்க நெட்டு மோசமா இருக்கும்.”

“எரர் ஒண்ணும் வர்ல நைனா. சும்மா சுத்துது.”

“நெட்டு இல்லன்னா அப்டித்தான் சுத்தும். அவலூர்பேட்டைல மாமா கடைக்குப் போ. புது லைன் போட்ருக்கறான். அம்மாவக் கூட்டிகினு ஒடனே கெளம்பு.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டுமா? பஸ்ஸு வேற எப்ப வருமோ.”

“சொன்னா கேக்க மாட்டியா? உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? கெளம்பு.”

“சரி நைனா.”

பஸ் மூன்று ஐம்பதுக்குத்தான் வந்ததாம்.

நான்கு மணிக்கு நோட்டை இழுத்தேன். நிமிடத்துக்கு முடிவது நான்கு. முந்தைய சுற்றின் கடைசி நாளில், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கூட்டம் நெருக்கியது. இன்றைக்கு நான்கா? காத்திருப்பது எத்தனை என்று சர்வரிடம் கேட்டேன். திரை கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. நின்றபோது கடைசி வரியில் மொத்தம் 312 என்று இருந்தது. சர்வர் ஒரே நேரத்தில் உள்ளே விடுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு வெளியே வாசலில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், யாரால் காத்திருக்கிறது என்று ஒரு பெயர் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே பெயர்தான். என் பெயர். ஒன்று நாற்பதுக்கு நான் திறந்த விண்டோ.

யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. ஓரத்தில் கிடந்த விண்டோவை இழுத்து கமிட் கொடுத்தேன். மூச்சு விடுவதற்குள் எல்லாம் பாய்ந்து போனது. மறுபடி கேட்டேன். காத்திருப்பது பூஜ்யம். மணி நான்கு ஆறு. நான்கு மணி வரியில் அந்த எண்ணை எழுதினேன். கேட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். அது இரண்டாவது பூஜ்யம்.

உடனே லட்சுமியின் செல்லுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்று முறை அடித்தேன். நான்கு நாற்பதுக்குச் சந்தியாவே கூப்பிட்டாள். மாமா கடைக்கு வந்துவிட்டோம் என்றாள். “சீக்கிரம் போடு, இப்ப நல்லா இருக்குது” என்றேன். இருபது நிமிடம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். அங்கும் நாலைந்து பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஐந்து ஐந்துக்குப் பிரேமா மேடம் வேகமாக உள்ளே வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் செல்லை டிராயருக்குள் போட்டேன். மதியம் முழுக்கப் பெற்றோர்கள் போன் செய்து புகார் சொல்லியிருக்கிறார்கள். நம் சர்வரில் கோளாறு என்றால் நாளை மதியம் வரை நேரம் நீட்டிக்கலாம், கோளாறு உண்டா என்று மட்டும் சொல்லுங்கள் என்று சேர்க்கைக் குழு கேட்கிறது.

“நம்பர்?”

நோட்டைத் திருப்பி வைத்தேன். விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார்.

“மூணு மணிக்கு ஆறு. நாலு மணிக்கு நாலு. அஞ்சு மணிக்கு இருநூத்திப் பத்து.” நிமிர்ந்தார். “எல்லாரும் நாலு மணி வரைக்கும் தூங்கிட்டு இருந்தாங்களா?”

“பசங்க கடைசி நேரத்துலதான மேடம் வருவாங்க.”

“காத்திருந்தது யாரும் இல்ல?”

“இல்ல மேடம்.”

“கேட்டுப் பாத்துதான் எழுதினீங்க?”

“கேட்டுப் பாத்துதான் மேடம்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்த மாதிரி இல்லை. என்னிடமிருந்து ஒரு தப்பான எண்ணை அவர் அதுவரை வாங்கியதில்லை. என் மேசைப் போனை எடுத்து, என் எதிரிலேயே பேசினார். “எங்க பக்கம் தப்பு இல்ல சார். வரிசை நிக்கல. வெளியில நெட் பிரச்சனையா இருக்கும். ஆமா, எழுத்துல இருக்கு. ஏழுமலை எழுதினது, சரியாத்தான் இருக்கும்.”

நேரம் நீட்டிக்கப்படவில்லை.

அவர் போன பிறகு டிராயரைத் திறந்தேன். பதினோரு அழைப்புகள். அடித்தேன். சந்தியாதான் எடுத்தாள்.

“இன்னா ஆச்சும்மா?”

“முடில நைனா. முன்னாடி நாலஞ்சு பேரு. நாலு அம்பத்தஞ்சுக்குத்தான் சிஸ்டம் கெடச்சுது. ஓடிபி அஞ்சு ரெண்டுக்கு வந்துச்சு. நேரம் முடிஞ்சிடுச்சுன்னு போட்டுடுச்சு.”

நான் திறந்துவிட்ட கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஓடிபி கேட்டிருக்கிறது. அதுதான் தாமதம்.

“நைனா, ஆபீஸ்ல கேட்டுப் பாரேன். நாளைக்கு டைம் குடுப்பாங்களான்னு. இங்க எல்லாரும் அதான் சொல்றாங்க.”

மேடத்தின் அறைக்கதவு இருபது அடி தூரத்தில் இருந்தது. திறந்துதான் இருந்தது. எழுந்து போய், மேடம், அந்தப் பூஜ்யத்தில் ஒரு கோடு போட வேண்டும் என்று சொன்னால் போதும். எழுந்தேன். என் மகளும் விண்ணப்பித்திருக்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். மகளுக்காகத்தான் இப்போது கதை கட்டுகிறான் என்பார்களே என்று நினைத்தேன். இத்தனை வருடமாகச் சம்பாதித்த பெயர், ‘ஏழுமலை எழுதினது சரியாத்தான் இருக்கும்’ என்பது, இரண்டு நிமிடத்துக்கு முன்தான் என் காதில் விழுந்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

“கேட்டேம்மா. முடியாதுன்னுட்டாங்க. நம்ம ஊரு நெட்டு அப்டி, நான் இன்னா பண்றது.”

“சரி நைனா” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட் சென்டர்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “நாலு பத்துக்கெல்லாம் எல்லாருக்கும் குபுகுபுன்னு வந்துடுச்சு சார். இங்கியே குந்தினு இருந்த பசங்க எல்லாம் போட்டுட்டுப் போச்சுங்க. உங்க பொண்ணுதான் அவசரப்பட்டுக் கெளம்பிடுச்சு. பொறுமை வேணும் சார் பசங்களுக்கு.”

அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சர்வரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும். கேட்கவில்லை.

சந்தியா திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். கிடைத்தது அதுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறாள் என்று லட்சுமி சொன்னாள். படித்து முடித்துப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஏதோ மருத்துவமனைகளின் சர்வர்களைக் கவனிக்கும் வேலை. என் வேலை. எல்லோரும் அப்பாவைப் போலவே என்று வாழ்த்தினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் லட்சுமி போய்விட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் நான் ஒருவன். ஒரு டம்ளர் அரிசி இரண்டு வேளைக்கு வருகிறது. மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரி மலை தெரியும். வெள்ளிக்கிழமை ஆடுகள் போகும். சந்தியா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். சாப்டியா, மாத்திரை போட்டியா, கரண்டு பில் கட்டிட்டியா. நாலைந்து நிமிடம். மற்ற ஆறு நாளும் அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் நன்றாக இருக்கிறாள் என்று போனை வைத்துவிடுவேன். இவ்வளவு பட்ட பிறகும் நான் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மலருக்கு எழுதச் சொன்ன விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

“எழுது நைனா. இன்னா எழுதப்போற?”

“நீ அந்த சீட்ட வுட்ட பாரு, அந்த நாளு. அன்னிக்கி நெட்டு ஒண்ணும் கெட்டுப்போவலம்மா.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அடுப்பை அணைப்பது கேட்டது. திரும்பி வந்தாள்.

“தெரியும் நைனா.”

“எப்பத்துல இருந்து?”

“வேலைல சேந்த மூணாம் மாசம். எங்களுக்கு ஒருநாள் அதேமாரி ஆச்சு. லைட்டு எல்லாம் பச்சையா இருக்குது, நர்ஸுங்க போன் பண்ணி சுத்துதுன்னு கத்தறாங்க. நெட்டு கட்டானா எரர் வரும் நைனா. சுத்திகினே இருந்தா, உள்ள எவனோ புடிச்சிகினு இருக்கான்னு அர்த்தம். நான் அன்னிக்கே உங்கிட்ட சொன்னேன், எரர் வர்லன்னு.”

“சொன்ன.”

“புடிச்சிருந்தது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியாது.”

“நான்தாம்மா.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். “ஏன் கேக்கல என்னை?” என்றேன்.

“நீயே சொல்லுவன்னு இருந்தேன். அம்மா செத்தப்போ சொல்லுவன்னு நெனச்சேன். நீ ரிட்டயர் ஆனப்போ நெனச்சேன்.” பிறகு, “எத்தினி பேரு நைனா நின்னாங்க?” என்று கேட்டாள். அன்றைக்கு மேடம் கேட்ட அதே கேள்வி. இந்த முறை சரியான எண்ணைச் சொன்னேன்.

“முந்நூத்திப் பன்னண்டு.”

“அதுல நானும் ஒருத்தியா?”

பொய் சொல்ல ஓர் இடம் மறுபடி கிடைத்தது. “இல்லம்மா. நான் எண்ணிப் பாத்த நேரத்துக்கு நீ பஸ்ல இருந்த.”

அவள் அழுதாளா என்று தெரியாது. “அதையும் எழுது” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி தாண்டிவிட்டது. போன் வரவில்லை. அவள் சொன்னதை மேலே எழுதிவிட்டேன்.

நிவேதா, நான் சொன்ன வேலை இதுதான். அறையைக் காலி செய்யும்போது மூன்றாவது அலமாரியின் அடித்தட்டில் பழைய நோட்டுகள் கட்டிக் கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அந்த வெள்ளிக்கிழமையின் பக்கம் இருக்கிறது. யாரும் திருத்த வேண்டாம், எழுதியவன்தான் கோடு போட வேண்டும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்று மணிப் பூஜ்யத்தில் ஒரு கோடு போட்டு ‘பார்க்கவில்லை’ என்றும், நான்கு மணிப் பூஜ்யத்தில் ஒரு கோடு போட்டு ‘312’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரேமா மேடத்துக்கும் மலரை அனுப்புவீர்கள் அல்லவா? அனுப்புங்கள். அவருடைய நோட்டில் ஒரு வரி தப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

312-இல் சேராத ஒருத்தியின் பெயரையும் எழுத வேண்டும். அதற்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் இருக்கும்.